கல்மண்டபத்தில் யாருக்கும் ஐம்பது ஆகவில்லை

மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசியும் பதில் சொல்கிற வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிப்போன என் இனத்து மக்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள், "நான் காலையில சாப்பிடறதே இல்லியே" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எல்லாம் உங்கள் கடைக்கு வராத நாளில் எங்கள் கடைக்கு வருகிறார்கள்.

நான் மலர்க்கொடி. வீடு வியாசர்பாடி. பார்மசி டிப்ளமா முடித்துவிட்டு ராயபுரம் கல்மண்டபத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள், இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். கடை முதலாளி ஜெபமணி அண்ணாச்சி, தூத்துக்குடிப் பக்கம். மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் எங்கள் கடையில் மருந்து வாசனையைவிட மீன் வாசனைதான் தூக்கல். காய்ச்சல், சர்க்கரை, பிரஷர் கதையெல்லாம் ஆளுக்கு ஆயிரம் இருக்கும், அதை விடுங்கள். நான் சொல்லப்போவது கால்சியம் மாத்திரை பற்றி. அதிலும் முக்கியமாக, கன்னியம்மா என்கிற ஒருத்தியை அந்த மாத்திரையைச் சாப்பிட வைக்க நான் பட்ட பாட்டைப் பற்றி.

கன்னியம்மாவுக்கு மீன் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற வேலை. வாங்குகிறவர்கள் மீனைக் கொண்டுவந்து கொடுத்தால், அரிவாள்மனை முன்னால் குந்திக்கொண்டு செதில் சீவி, செவுள் கிள்ளி, துண்டு போட்டுக் கொடுப்பாள். வஞ்சிரத்தை அவள் துண்டு போட்டால் ஒன்று மற்றொன்றைப் பார்த்துப் பொறாமைப்படாது, அத்தனையும் ஒரே கனம். புருஷன் தனசேகர் போட்டில் கடலுக்குப் போகிறவர். தடைக்காலம் வந்தால் போட்டு கரையில் கிடக்கும், அவரும் கரையில் கிடப்பார். அப்போதெல்லாம் கன்னியம்மாவின் வலது மணிக்கட்டு ஆடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அந்த மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

சுவரில் ஓர் அட்டை

மருந்துக் கம்பெனி பிரதிநிதி ஒருவர் பளபளவென்று ஒரு சார்ட் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனார். எந்த வயதுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கால்சியம் என்று முழுக்க முழுக்க இங்கிலீஷ். அதில் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பார்த்து, "இவுங்க யாரு, அண்ணாச்சிக்கு சொந்தமா?" என்று கேட்டார்களே தவிர, ஒருவரும் எழுத்தின் பக்கம் போகவில்லை. சரிதான் என்று, மாத்திரை வந்த பெட்டியின் அட்டையைக் கிழித்து நானே தமிழில் எழுதினேன். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்நூறு மில்லிகிராம். பத்து, பன்னிரண்டு வயதில் எண்ணூற்றைம்பது. அதற்குமேல் வளர்கிற பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஆயிரம். கர்ப்பிணிக்கும் ஆயிரத்துக்குக் குறையக் கூடாது. பால் கொடுப்பவர்களுக்கு ஆயிரத்து இருநூறு. சாப்பாட்டில் வருவதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்று கீழே கோடு போட்டும் எழுதினேன். இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் மொத்தத்தையும் மாத்திரையாகவே முழுங்கிவிட்டு வந்து நிற்பார்கள்.

கடைசி வரியில்தான் தகராறு. "மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200" என்று எழுதியிருந்தேன். அது நின்ற பிறகுதான் எலும்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து மளமளவென்று இறங்கும். படித்த படிப்புக்கு அதை எழுதாமல் விட முடியுமா? அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முகம் சிவந்துபோனது. பக்கத்து ஷெல்ஃபில் நாப்கின் அடுக்கிவைத்து விற்கிற மனுஷன்தான்; ஆனால் அதையே கறுப்பு கவரில் போட்டு, திருட்டு நகை மாதிரித்தான் நீட்டுவார். "ஏம்மா மலரு, ஆம்பளைய பொம்பளைய எல்லாரும் வந்து போற கடை. இதைப் போயி செவத்துல எழுதுவாவளா? 'அம்பது தாண்டுன பெண்கள்'னு போடு, வெளங்குதவுகளுக்கு வெளங்கும்."

டாக்டர் சொன்ன சுண்ணாம்பு

ஆட்டோ ஓட்டுகிற ஏழுமலைக்கு முதுகுவலி. வாயில் எந்நேரமும் வெற்றிலை. டாக்டர் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புச் சத்து கம்மியா இருக்கு" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சீட்டைக் கொண்டுவந்து காட்டினான், நானும் மாத்திரையை எடுத்து வைத்தேன். "அப்பால வந்து வாங்கிக்கிறேன் யக்கா" என்று போனவன் போனவன்தான்.

கொஞ்ச நாள் கழித்து வந்தான். மாத்திரைக்கு அல்ல, வாய்ப்புண்ணுக்கு ஆயின்ட்மென்ட் கேட்டு. உதட்டோரம் இரண்டு பக்கமும் வெந்து, பேசவே வாயைக் கோணிக்கொண்டிருந்தான். "இன்னாடா ஏழுமலை, வாய் இப்படி வெந்து கெடக்குது?" என்றேன். அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு அவனை அடிப்பதா, அந்த டாக்டரைப் போய்க் கேட்பதா என்று தெரியவில்லை. "சுண்ணாம்பு கம்மின்னு டாக்டரே சொல்லிட்டாரு யக்கா. அதான் அதே வெத்தல, அதே பாக்கு, சுண்ணாம்ப மட்டும் டபுளா ஏத்திட்டேன்!"

பால் கொடுப்பவர்

எங்கள் கடைத் தெருவுக்குப் பால் பாக்கெட் போடுகிறவர் பாபு. வேலையை முடித்துவிட்டு, கடை திறந்ததும் வந்து நின்று ஊர் நியாயம் பேசாவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. ஒருநாள் அட்டையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றுவிட்டார். "யம்மா, எனுக்கு ஆயிரத்தி எரநூறு போட்டுக்குடு" என்றார். "உங்களுக்கு ஆயிரம் போதும். டெய்லி பாலு மோரு சாப்பிட்டா மாத்திரையே வேணாம்" என்றேன்.

அவர் விடுவதாக இல்லை. "இன்னாம்மா நீ, உன் கையால நீதான எழுதி வச்சிகீற, 'பால் கொடுப்பவர்களுக்கு'ன்னு? கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து கல்மண்டபத்துக்கே பால் குடுத்துகினு கீறது யாரு, நானா நீயா?" கடையில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு சில்லறைப் பெட்டிக்குள்ளேயே சிரித்தார். நான் மார்க்கரை எடுத்து, முன்னால் 'தாய்' என்று ஒட்டுப்போட்டு, 'தாய்ப்பால்' ஆக்கினேன். பாபு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தாயி குடுத்தா ஆயிரத்தி எரநூறு, பாபு குடுத்தா ஆயிரமா? இதாம்மா இந்த ஊர்ல பேஜாரு!"

இரும்பும் சுண்ணாம்பும்

கன்னியம்மாவின் மருமகள் ரேவதி முழுகாமல் இருந்த சமயம். சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். தீர்ந்துபோனால் கன்னியம்மா எங்கள் கடைக்கு வருவாள். மருமகளுக்கு ஒன்று, பாக்சிங் கற்றுக்கொள்கிற சின்ன மகளுக்கு ஒன்று என்று கேட்டுக் கேட்டு வாங்குவாள். ஒருநாள் ரேவதியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, இரண்டு மாத்திரையையும் ஒரே வாயில் போட்டு, மேலே ஒரு டம்ளர் டீயும் ஊற்றச் சொல்லியிருக்கிறாள் மாமியார். கேட்டால், "ரெண்டு வாட்டி இன்னாத்துக்கு தண்ணி குடிக்கணும்?" என்கிறாள்.

"கன்னிமாக்கா, இரும்பும் சுண்ணாம்பும் மாமியார் மருமக மாதிரி. ஒரே நேரத்துல ஒரே அடுப்படியில விட்டா ரெண்டும் வேலை செய்யாது. காலையில ஒண்ணு, ராத்திரி சோத்துக்கு அப்புறம் ஒண்ணு. டீ பக்கத்துலயே வரக் கூடாது" என்றேன். ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கன்னியம்மா கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், பெருமையாகக் கையை நீட்டி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். நான் உடனே, "அப்படியே உனக்கும் ஒரு ஸ்ட்ரிப் வாங்கிக்கோ, உன் வயசுக்கு வேணும்" என்றேன். அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அவதான் சுண்ணாம்பு மலரு. நான் இரும்பு. எனுக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்?"

தனசேகர் படித்தது

ரேவதிக்கு மாத்திரை வாங்க ஒருநாள் தனசேகரே வந்தார். கடலிலிருந்து வந்த கையோடு வந்திருந்தார், கண் இரண்டும் உப்புக் காற்றில் சிவந்திருந்தது. நான் மாத்திரை எடுக்கிற நேரத்தில் அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார். இதுதான் சமயம் என்று, "அண்ணே, உங்க வூட்டம்மாவுக்கு என்ன வயசாகுது?" என்று கேட்டேன். கூரையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், "கட்டிக்கினு வந்தப்போ இருந்த வயசுதாம்மா" என்றார். சரி, இவரிடம் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அவர் கவனமெல்லாம் அட்டையில் இருந்தது. 'மி.கி.' என்பதில் மி-யை மட்டும் எடுத்துக்கொண்டு, கி-யைக் கடலில் போட்டுவிட்டார் போலிருக்கிறது. பெரியவர்களுக்கு ஆயிரம் என்ற வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். நிஜமாகவே அதிர்ந்துபோன முகம். "ஒரு நாளிக்கு ஆயிரம் மில்லியா? தாங்காதும்மா! ஃபுல்லே எழுநூத்தம்பதுதான்!"

மீன்காரி வீட்டில் பஞ்சம்

மாத்திரைதான் வேண்டாம், சாப்பாட்டிலாவது சேரட்டும் என்று வேறு வழியில் போனேன். "நெத்திலி, காரப்பொடி மாதிரி சின்ன மீனா பாத்து முள்ளோட தின்னு கன்னிமாக்கா. கேவுரு கூழ் குடி. முருங்கக்கீரை, மோரு. எல்லாத்துலயும் கால்சியம் இருக்குது. மீன் மார்க்கெட்லயே குந்திகினு இருக்கிறவளுக்கு இதுகூட முடியாதா?" ரேவதிக்குப் பிள்ளை பிறந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பால் ஊற வேண்டும் என்று பால்சுறா வாங்கிப் புட்டு செய்து மருமகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள் கன்னியம்மா. கூழ் காய்ச்சினால் அது பாக்சிங் போகிற மகளுக்கு. வறுத்த மீன் கடலுக்குப் போகிறவருக்கு. மகன் ராஜாவுக்கு மீன் தலை இல்லாமல் சோறு இறங்காது.

"அப்போ உனக்கு?" என்றேன். "கொழம்பு கீது இல்ல?" என்றாள். குழம்பில் மீன் இருக்குமா என்று கேட்டேன். மீன் போன வழியைச் சட்டி அடியில் பார்க்கலாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. "மீன் வெட்டறவ வூட்டுல மீனுக்குப் பஞ்சமா?" என்று சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன். அவளும் கிண்டலாகத்தான் சொன்னாள். "மீனுக்கு இன்னா பஞ்சம்? கடைசியா துன்றவளுக்குத்தான் பஞ்சம்."

கணக்கு உதைக்கிறது

அண்ணாச்சி பேச்சைக் கேட்டு 'ஐம்பது தாண்டிய பெண்கள்' என்றே மாற்றி எழுதியிருந்தேன். அந்தத் தேதியிலிருந்து கல்மண்டபத்தில் ஐம்பது தாண்டிய பெண் ஒருத்திகூட இல்லாமல் போய்விட்டாள். கடைசி வரியைப் படிப்பார்கள், பாவம் யாரோ என்பது போல் உச்சுக் கொட்டுவார்கள், போய்விடுவார்கள். ரிட்டையர் ஆகி பென்ஷன் வாங்குகிற டீச்சரம்மா ஒருவர் பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் வருவார். அவரே, "எனக்கு அதுக்கெல்லாம் இன்னும் டைம் இருக்கும்மா" என்றார். எந்த கவர்ன்மென்ட் நாற்பது வயதில் ரிட்டையர் ஆக்கியது என்று நான் கேட்கவில்லை. வியாபாரம் முக்கியம்.

கன்னியம்மாவிடம் மட்டும் கேட்டேன். "உன் வயசு என்னக்கா?" "நாப்பத்தஞ்சு." "ராஜாவுக்கு முப்பத்திரண்டு. அப்போ அவனைப் பதிமூணு வயசுலயா பெத்த?" இப்படி மடக்கினால் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கவுண்டரில் நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள். அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே புரிந்தது. "அம்பதுன்னு ஒருத்தி வாயில வந்துட்டா போதும் மலரு. இவ கை நடுங்கும், மீன நாசம் பண்ணிடுவான்னு பக்கத்துல குந்திகீற சின்னப் பொண்ணாண்ட குடுத்துட்டு பூடுவாங்க. எனுக்கு நாப்பத்தஞ்சுதான். சாவற வரிக்கும் நாப்பத்தஞ்சுதான்."

செதில்

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலை. பால் போட்டுவிட்டு வந்த பாபு அன்றைக்கு ஊர் நியாயம் பேச வரவில்லை. மார்க்கெட்டில் கன்னியம்மா வழுக்கி விழுந்துவிட்டாள் என்று சொல்லத்தான் வந்திருந்தார். ஈரத்தரை, அதில் மீன் செதில். பெரிதாக விழக்கூட இல்லை, உட்கார எத்தனிக்கும்போது கால் வழுக்கி, வலது கையைக் கீழே ஊன்றியிருக்கிறாள். அவ்வளவுதான், மணிக்கட்டு முறிந்துவிட்டது. நானாக இருந்தால் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து போயிருப்பேன்.

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு மதியமே அவள் வீட்டுக்குப் போனேன். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. எலும்பு உள்ளுக்குள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, கட்டைப் பிரித்த பிறகுதான் பிடி எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும் என்றாராம் டாக்டர். பிடி இல்லாவிட்டால் அரிவாள்மனை முன்னால் குந்த முடியாது. தனசேகர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரேவதி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அவள்மேல் கோபம், அந்த வீட்டுச் சட்டிமேல் கோபம், எங்கள் கடைச் சுவரில் நான் எழுதின அந்த மழுப்பல் வார்த்தைமேல் எல்லாவற்றையும்விடக் கோபம். திட்டத்தான் வாயைத் திறந்தேன். கன்னியம்மா முந்திக்கொண்டாள். "இரும்புன்னு பீத்திக்கினேன் இல்ல மலரு? உள்ள துரு புடிச்சிகினு கீறது எனுக்கே தெர்ல."

அண்ணாச்சியின் கையெழுத்து

கடைக்குத் திரும்பிவந்து நடந்ததைச் சொன்னேன். வயதைச் சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்று அவள் பயந்ததையும் சொன்னேன். அண்ணாச்சி மார்க்கரை எடுத்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, அட்டையின் கடைசி வரியை அடித்துவிட்டு, கீழே அவரே எழுதினார்: "மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200". எங்கள் கடைப் பெயர்ப் பலகையில்கூட எழுத்து அவ்வளவு பெரிசாக இல்லை. காது மடல் வரைக்கும் சிவந்துபோய் இறங்கினார். "இனிமே எவ வந்தாலும் வயசைக் கேக்காத, இதைக் கேளு. நான் வேணும்னா உள்ள போயி நிக்கேன்" என்றார்.

அவர் சொன்னபடி நிஜமாகவே உள்ளே போய் நின்ற நாளெல்லாம் உண்டு. அவர் பயந்த மாதிரி யாரும் முகம் சுளிக்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெண்கள் கூச்சமில்லாமல் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கிட்னியில் கல் இருக்கிறவர்கள் மட்டும் முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. அதே டீச்சரம்மாவும் வந்தார், அட்டையைப் படித்தார், ஒரு ஸ்ட்ரிப் கேட்டார். நான் ஆச்சரியத்தில் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்துவிட்டு அவரே விளக்கமும் கொடுத்தார். "அது நின்னு எவ்வளவோ வருஷமாச்சும்மா, அதைச் சொல்றதுல எனக்கென்ன வெக்கம்? வயசைத்தான் சொல்ல மாட்டேன்!"

வெண்ணெயும் சுண்ணாம்பும்

கட்டுப் பிரித்த பிறகு கன்னியம்மா கடைக்கு வந்தாள், தனசேகரும் கூடவே. கை மெலிந்து, தோல் வெளுத்திருந்தது. விரலை மடக்கிக் காட்டினாள். முக்கால்வாசி மடங்கியது, கடைசி இரண்டு விரலும் உள்ளங்கையைத் தொடவில்லை. பயிற்சி செய்தால் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், ஆனால் இப்போதைக்கு அரிவாள்மனை பக்கம் போகாத வேலைதான். எறா உரிக்கிறாள், நெத்திலி கிள்ளுகிறாள். வஞ்சிரம் வந்தால், இத்தனை வருஷம் யாரை நினைத்துப் பயந்தாளோ, அந்தப் பக்கத்துச் சின்னப் பொண்ணிடம் அவளே தள்ளிவிடுகிறாள். அந்தப் பெண்ணும், "துண்டு சரியா கீதா யக்கா?" என்று இவளிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறதாம்.

தனசேகர் கவுண்டரில் கையை ஊன்றி, துறைமுகம் வரைக்கும் கேட்கிற குரலில், "அம்பத்தி நாலு வயசு பொம்பளைக்கு கால்சியம் மாத்திரை குடும்மா" என்றார். கன்னியம்மா இடது முழங்கையால் அவர் விலாவில் ஒன்று வைத்தாள். கட்டிக்கொண்டு வந்தபோது இருந்த வயதை மனுஷன் இப்போதாவது கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறாரே என்று எனக்கு சந்தோஷமாக இருந்தது. "நெத்திலி கிள்றியே, அதுல ஒரு பிடி உனக்குன்னு எடுத்து வச்சியா?" என்று கேட்டேன். "இவரே வறுத்து, என் தட்டுல முதல்ல போட்டாரு. உப்புதான் போட மறந்துட்டாரு" என்றாள். எல்லாரும் சிரித்தோம். உள்ளேயிருந்து அண்ணாச்சி சிரிக்கிற சத்தமும் கேட்டது.

மாத்திரையை இடது கையில் வாங்கிக்கொண்டாள். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இத்தனை மாதமாக மருமகளுக்கும் மகளுக்கும் அவளே வாங்கிக்கொண்டு போன அதே வெள்ளை மாத்திரைதான். எனக்கு என்னமோ அவள் கிண்டலாக ஏதோ சொல்லப்போகிறாள் என்றுதான் தோன்றியது. சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். "ஒரு கண்ணுல வெண்ணெ, ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு சொல்லுவாங்க இல்ல? என் வூட்ல அத்தினி பேருக்கும் நான் வெண்ணெதான் வச்சேன் மலரு. எனுக்கு, நான் அந்த சுண்ணாம்பக்கூட வச்சிக்கலியே."

ஆகவே என் இனத்து மக்களே, எந்த வயசுக்கு எவ்வளவு கால்சியம் என்று சொல்ல ஓர் அட்டை போதும். வயசைக் கேட்காமலே அதைக் கொடுக்கலாம் என்று எங்கள் கடைக்குத் தெரியத்தான் ஒரு எலும்பு உடைய வேண்டியிருந்தது.